ஊழியர் எண் ஒன்று

"உள்ளே வராதீங்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

மிக்சி ரிப்பேர்காரர் கடைப் படியில் வைத்த காலை அப்படியே நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்கிய படி. உள்ளே கவுண்டருக்குப் பின்னால் மனைவி.

"அந்த டீச்சரம்மா மிக்சி சாயங்காலம் வேணுமாம்டி."

"நாளைக்குத்தான்னு சொல்லிட்டேன். ஊழியருக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. சட்டம்."

ஊழியர்! எல்லாம் அந்த லைசென்ஸால் வந்த வினை. கடைக்கு உரிமம் இல்லை என்று நோட்டீஸ் வந்த மறுநாள் காலையே பதறிக்கொண்டு ஓடினார். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், "வீட்டம்மா பேர்ல போடுங்க சார், ஒரே வாரத்துல கிடைக்கும்" என்றார். கிடைத்தது. அடுத்த படிவம், கடையில் வேலை செய்பவர் யார் என்று கேட்டது. முதலாளி என்ற கட்டத்தில் ஏற்கெனவே மனைவி உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

மறுநாளே வருகைப் பதிவேடு வந்துவிட்டது. மூன்று நிமிஷம் தாமதமானால் சிவப்பு மை. கூடவே சட்டப் புத்தகம் ஒன்று, பென்சில் அடிக்கோடுகளுடன். ஒரு நாளாவது படுத்துத் தூங்குங்கள் என்று முன்பெல்லாம் கெஞ்சுவாள், "முதலாளிக்கு ஏதுடி லீவு?" என்று வாயை அடைப்பார். இப்போது அந்த வசனத்துக்கும் வழியில்லை.

போன செவ்வாய் பின்கதவு வழியாகப் புகுந்து மூன்று மிக்சிகளுக்குக் கார்பன் மாற்றினார். மாட்டிக்கொண்டார்.

"லீவு நாள்ல வேலை செஞ்சா மாத்து லீவு குடுக்கணும். நாளைக்கும் வராதீங்க."

புதன்கிழமை வீட்டில் சும்மா இருக்க முடியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினார். பதினோரு திருகாணி வெளியே வந்தது. பத்துதான் உள்ளே போனது.

"வீட்ல செஞ்சாலும் வேலை வேலைதான்," என்றாள் முதலாளியம்மா. "வியாழனும் லீவு."

லீவு எடுத்து எடுத்தே மனுஷன் களைத்துப்போனார். இனித் தாங்காது.

"நான் ராஜினாமா பண்றேன்!" என்று படியில் நின்றபடியே கத்தினார்.

"தாராளமா. ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுங்க. பாக்கி லீவையெல்லாம் அதுக்குள்ள எடுத்துடணும்." அந்த வரிக்கும் அடிக்கோடு இருந்தது.

நேராக மனு எழுதுபவரிடம் போய், எதிரே இருந்த ஆடும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பேரை மாத்துங்க. பழையபடி நானே முதலாளி."

"மாத்தலாம் சார். இப்போ இருக்கிற முதலாளி கையெழுத்து வேணும்."

"அவ போடுவாளா? எல்லாம் உங்களால வந்தது! அவ பேர்ல போட்டா ஒரே வாரத்துல கிடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யார் பேர்ல போட்டாலும் ஒரு வாரம்தான் சார்."

"அப்ப ஏன்யா அப்படிச் சொன்னீங்க?"

மனு எழுதுபவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாளே வீட்டம்மா அந்த நோட்டீஸோட இங்க வந்தாங்க சார். 'முதலாளிக்கு லீவே கிடையாதுன்னு சொல்றாரு, அவரை முதலாளியா இல்லாமப் பண்ண ஏதாவது வழி இருக்கா'ன்னு அழுதாங்க."