முன்கூட்டியே சொல்லிவிட்டோம்

மனித நாகரிகம் எட்டிய உச்சத்தைக் காண விரும்புவோர் அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கார்வர்ட்டன் மருத்துவமனைக்கு வரலாம். முன்மேசையில் ஒரு தாள் இருக்கிறது. ‘இந்தச் சோதனைக்கு உங்கள் முதியோர் காப்பீடு பணம் தராமல் போகலாம்’ என்று முன்கூட்டியே, மரியாதையாகச் சொல்லும் தாள். சோதனையை முடித்துவிட்டுப் பில்லைத் தலையில் கல்லாகப் போடும் காலமெல்லாம் மலையேறிவிட்டது.

அந்தத் தாளுக்குப் பொறுப்பு முன்மேசை ஊழியர் லோர்னா. அதிலுள்ள மூன்று கட்டங்களில் நோயாளி எதில் குறி போடலாம் என்று மட்டும் அவள் யோசனை சொல்லக்கூடாது. சொன்னால் அது ‘செல்வாக்குச் செலுத்துதல்’ எனும் மகாபாதகம்.

செவ்வாய்க்கிழமை வெர்லின் ஸ்டப்ஸ் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வாரமாகத் தலைசுற்றல். கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

“காப்பீடு குடுக்குமா, குடுக்காதா? ஒண்ணு சொல்லு கண்ணு.”

“குடுக்காமப் போகலாம் சார்.”

“அப்போ குடுக்கவும் செய்யலாம்?”

“அப்படியும் இருக்கலாம் சார்.”

“நல்லா சொன்ன போ! வானிலை அறிக்கையே தேவலை.”

லோர்னா விளக்கினாள். முதல் கட்டம்: சோதனை வேண்டும், காப்பீட்டிடம் கேளுங்கள், மறுத்தால் நான் கட்டுகிறேன். இரண்டாவது: வேண்டும், கேட்காமலே நான் கட்டுகிறேன். மூன்றாவது: சோதனையே வேண்டாம்.

“மூணாவதுதான் செலவில்லாதது,” என்று பேனாவை அங்கே கொண்டுபோனார். “தலைசுத்தல்தானே, தானாப் போயிடும். நேத்து இடது கை மரத்துச்சு, அதுவே சரியாயிடல?”

கை மரத்துப்போவது பக்கவாதத்துக்கு முன்னோட்டம் என்பது லோர்னாவுக்குத் தெரியும். விதியாவது மண்ணாவது என்று எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மொதல் கட்டத்துல போடுங்க!”

போட்டார். குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை, பிழைத்துக்கொண்டார். நன்றி பொங்கி மருத்துவமனைக்கு ஒரு கடிதமும் எழுதினார்: ‘லோர்னா சொன்ன கட்டத்தில் குறி போட்டதால்தான் உயிரோடு இருக்கிறேன்.’

மேலாளர் கெல்லர்மன் உடனே கூட்டம் கூட்டினார்.

“இது கடிதமில்ல, வாக்குமூலம்!”

“மனுஷன் பொழைச்சுட்டாரே சார்!” என்றாள் லோர்னா.

“அதான் வினை. பொழைச்சதாலதானே லெட்டர் எழுதுறார்?”

லோர்னாவுக்கு எச்சரிக்கை ஓலை. பக்கத்து மேசை மிஸ்டிக்கு ‘முன்மாதிரி ஊழியர்’ சான்றிதழ். மிஸ்டி வாயே திறக்காமல் தாளை நீட்டுவாள். அவளிடம் இந்த ஆண்டு பதினோரு பேர் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

“பதினோரு பேர்ல ஒருத்தர்கூடப் புகார் குடுக்கல!” என்றார் கெல்லர்மன். எல்லோரும் கைதட்டினார்கள்.

“அவங்கள்ல எத்தனை பேர் சார் உயிரோட இருக்காங்க?” என்று கேட்டாள் லோர்னா.

கெல்லர்மன் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“செத்திருந்தாலும் நமக்கென்னம்மா? எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் செத்திருக்காங்க.”