கம்ப்யூட்டர் வேலைக்குப் போன கம்பவுண்டரம்மா

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. இந்த வியாதியோடுதான் பிறந்தேன். இருபது வயதில் அது முற்றிப்போய், ஒரு அரசாங்க ஆபீசரின் முன்னால் என்னை நிறுத்தி, வாந்தியைப் பற்றிப் பேச வைத்தது.

எங்கள் கல்மண்டபம் பேட்டையில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். இண்டர்மீடியட் தேறிவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு புள்ளிவிவர அலுவலகத்தில், 'கம்ப்யூட்டர்' பணிக்கு நேர்முகத் தேர்வு.

அப்பா துறைமுகத்தில் சரக்குகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா. ஆங்கிலக் கடிதம் என்றால் தெருவே அவரிடம்தான் வரும். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"கம்பவுண்டர்னு இருக்கணும்மா பிலோ. டைப் அடிச்சவன் தூங்கிட்டான்."

"ஆமாம்ப்பா, எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றேன். (எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.) துறைமுகத்தில் கூலிகளுக்கு அடிபடும், அதற்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டாமா என்று அப்பாவே காரணமும் கண்டுபிடித்தார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதல் நோயாளி, எதிர்வீட்டில் மீன் விற்கும் கன்னியம்மா அக்கா.

"இன்னா கண்ணு, கம்பவுண்டரம்மா ஆயிட்டியாமே! இந்த வெரலைப் பாரு, கெளுத்தி முள்ளு குத்தி இன்னாமா வீங்கிக் கீது!"

விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை, அல்லவா? கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அக்கா அதே கையால் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அய்ய, எனுக்கு வைத்தியம் பாப்பேன்னு வந்தா, நீ வுழுந்துட்டியே!"

அதற்குப் பிறகாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டிலிருந்த பழைய மருந்து பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒட்டியிருந்த சீட்டுகளை மனப்பாடம் செய்தேன்.

தேர்வு நாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஆபீசர் என்னை உட்காரச் சொன்னார்.

"டேபிள்ஸ் எல்லாம் பழக்கம் உண்டாம்மா?"

அவர் கேட்டது வாய்ப்பாட்டை. என் காதில் விழுந்தது மாத்திரை.

"உண்டு சார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"தினமுமா?"

"தினமும் சார். சாப்பிட்ட பிறகு."

அவர் அசந்துபோனார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்ககிட்ட இந்த ஒழுங்கு எங்க இருக்கு!" என்று சொல்லி, மேஜைமேல் இருந்த கறுப்பு இரும்பு யந்திரம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மருந்து பொடிக்கிற மிஷின் என்று முடிவு செய்தேன்.

"எதைப் போடணும் சார்?"

"நம்பரைத்தான். போட்டுச் சுத்துங்க."

கைப்பிடியைச் சுற்றினேன், எதிர்ப்பக்கமாக. வரிசையாக ஒன்பதுகள் வந்து நின்று, உள்ளேயிருந்து 'டிங்' என்று மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு பியூன் வந்தார்.

"கூப்ட்டீங்களா சார்?"

"இல்லப்பா, போ."

பதற்றத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினேன். டிங். மறுபடி பியூன். மூன்றாவது டிங்குக்குப் பிறகு அவர் வெளியே போகவே இல்லை. எதற்கு வம்பு என்று சுவரோரம் நின்றுவிட்டார்.

ஆபீசர் பொறுமையாக, "சரி, வேலையில தப்பு நடந்துட்டா என்ன செய்வீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு வாரமாகத் தயாராக இருந்தேன். "உடனே வாந்தி எடுக்க வைக்கணும் சார்!"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரை?"

"மருந்து சாப்பிட்டவங்களை."

சுவரோரத்திலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. "சார், இந்தப் பொண்ணு கம்பவுண்டர் வேலைன்னு நென்ச்சிகினு வந்துகீது சார்!"

ஆபீசர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "கம்ப்யூட்டர்னா கணக்குப் போடுறவங்கம்மா. எந்தக் கப்பல்ல எத்தனை மூட்டை வந்தது, எத்தனை டன் போச்சுன்னு கூட்டிப் பெருக்கி எழுதணும். இந்த மிஷின் கம்ப்யூட்டர் இல்ல. இதைச் சுத்தறீங்களே, நீங்கதான் கம்ப்யூட்டர்."

"அப்போ ரத்தம் கிடையாதா சார்?"

"சிவப்பு மை உண்டு."

அழுதுவிட்டேன். அவமானத்தில் அல்ல, நிம்மதியில். மூட்டைகளைக் கூட்டினால் போதுமாம்! எந்த மூட்டைக்கும் முள் குத்தாது. எந்த மூட்டையும் என் கையால் சாகாது. பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போகட்டும் என்று ஆபீசர் ஒரு நீளமான கூட்டலைத் தந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் கணக்கு. மனசிலேயே கூட்டி எழுதினேன். அவர் யந்திரத்தைச் சுற்றிச் சரிபார்த்தார். மணி அடிக்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. டைப்பிஸ்ட் தூங்கவில்லை என்று தெரிந்ததில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கன்னியம்மா அக்கா மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "வெறும் கணக்குதானா? நல்லதாப் போச்சு கண்ணு. இந்தத் தெரு ஜனங்க உசுரு தப்பிச்சுது!"

அந்த நாற்காலியில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, கடைசி மகள் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் உண்மையை எழுதினாள்: 'கம்ப்யூட்டர், ஓய்வு.' வாங்கிப் பார்த்த கிளார்க், "வீட்ல இருக்கிற மிஷினைக் கேக்கலம்மா, உங்க அம்மாவைக் கேட்டேன்" என்றாராம்.

இப்போது வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அவள் என்னைக் காட்டி இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "எங்க அம்மா. கரண்ட் போனாலும் ஓடுற கம்ப்யூட்டர்."