பன்னிரண்டாவது கையெழுத்து

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் பயத்துடன் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம், அவர் சிரித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார். இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் படுத்துவிட்டார்கள். நான் அறையைத் தாழிட்டு, வெளிச்சம் தெரியாமல் இருக்க மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டு எழுதுகிறேன். துண்டு கருகும் வாசனை லேசாக வருவதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்காவது கேள்வி, வீட்டில் பேசும் மொழி எது. அதே மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தால் அந்த மொழிக்குத் தினமும் ஒரு மணி நேர வகுப்பும் ஒரு டீச்சரும் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் தமிழ் வகுப்பில் சரியாகப் பன்னிரண்டு பேர், எல்லோரும் எங்கள் குடியிருப்புதான். படிவம் இந்த நாட்டு மொழியில் இருப்பதால் பெரியவர்களுக்குப் படிக்க வராது, எனவே எந்தப் படிவம் வந்தாலும் எங்கள் சமையலறை மேசைக்குத்தான் வரும். நான் எழுதுவேன், அவர்கள் கீழே கையெழுத்துப் போடுவார்கள். முதலில் எங்கள் படிவம். நான்காவது கேள்வியில் அப்பா, "நாட்டு மொழின்னே போட்டுடு, எதுக்கு வம்பு" என்றார். போட்டேன். அப்பா சொன்னதுதான் சரியான விடை என்று நினைத்து, அத்தை, மற்ற பதினொரு வீட்டுக்கும் அதையே போட்டுவிட்டேன். கணக்குப் பரீட்சையில் முதல் வரியைத் தப்பாகப் போட்டால் கடைசிவரை தப்பாகவே போவதுபோல் போய்விட்டது.

போன திங்கட்கிழமை தமிழ் டீச்சருக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இந்தப் பள்ளியில் தமிழ் பேசும் குடும்பம் ஒன்றுகூட இல்லாததால் வகுப்பு மூடப்படுகிறது, தங்கள் சேவை தேவையில்லை என்று. டீச்சர் அதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா நான் யார்கிட்டடி கத்திக்கிட்டு இருந்தேன்?" என்றார். நான் மேசைக்கு அடியில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பன்னிரண்டும் இந்தக் கை எழுதியதுதானே. பிறகு டீச்சர் திருத்தப் படிவம் பன்னிரண்டு வாங்கி வந்தார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தால் வகுப்பும் இருக்கும், டீச்சரும் இருப்பார். நான் வீடு வீடாகப் போய், பழைய படிவங்களை அலுவலகத்தில் தொலைத்துவிட்டார்கள் என்று பொய் சொல்லிப் பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டேன். பன்னிரண்டாவது உங்கள் தம்பி. அவர் போட மாட்டேன் என்கிறார்.

ஏன் என்றால், ஒரே குடியிருப்பில் பன்னிரண்டு வீடும் நாட்டு மொழிக்கு மாறிவிட்டதைப் பார்த்து அலுவலகத்தில் அசந்துபோய், முன்மாதிரிக் குடியிருப்பு என்று சான்றிதழ் தர ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். அவர் வந்தது எங்கள் வீட்டுக்கு. அப்பா பஸ் கண்டக்டர் இல்லையா, அவருக்குத் தெரிந்த நாட்டு மொழி முழுவதும் பஸ்ஸுக்குள் பேசுவது. வாசலில் தயங்கி நின்ற அதிகாரியிடம், "உள்ளே இடம் இருக்கிறது, முன்னேறிச் செல்லுங்கள்" என்றார். இங்கே எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "கடைசி நிறுத்தம் வரை" என்றார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். கிளம்பும்போது, "இறங்கும்போது கவனம்" என்றார் அப்பா. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நான்கு தடவை டீ கொடுத்தார். அதிகாரி, அடக்கமும் நகைச்சுவையும் உள்ள குடும்பம் என்று எழுதிக்கொண்டு, சனிக்கிழமை விழாவில் அப்பா ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருக்கிறார். பஸ் வார்த்தைகளை வைத்து ஒரு குடும்பம் எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? நேற்று அம்மாவிடம் சோறு கேட்பதற்கு, "சில்லறை இருக்கிறதா" என்று தட்டைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் போர்வை துவைத்துவிட்டு வந்த அம்மா, "நான் பேசாமலே இருந்துக்கிறேன். அது எல்லா மொழியிலயும் ஒண்ணுதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். நான் அப்பாவிடம் திருத்தப் படிவத்தை நீட்டினால், "மாத்திக் குடுத்தா முதல்ல பொய் சொன்னோம்னு ஆயிடும். வேலை நிரந்தரமாகுற நேரத்துல என்னைச் சந்தியில நிறுத்தாதே" என்று ரகசியமாகத் தமிழில் திட்டுகிறார்.

அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். கடிதம் இரண்டு நாளில் வந்துவிடும். கிடைத்ததும் காலையில் அவர் டியூட்டிக்குப் போவதற்கு முன் போன் செய்து, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாகச் சொல்லித் திட்டுங்கள். நன்றாகத் திட்டுங்கள், ஆனால் என் பெயர் வரக் கூடாது. டீச்சருக்கு வேறு வேலை கிடைக்காது அத்தை, எனக்கும் வேறு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு: அப்பாதான். முதலில் தீப்பிடித்திருந்த துண்டை அணைத்தோம். அவர் கையில் பேச்சு எழுத வைத்திருந்த தாள், அதில் "பயணிகளே" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்தத் திருத்தத்துல கையெழுத்துப் போட்டா சனிக்கிழமை நான் பேச வேண்டாம்ல?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "எங்க போடணும், காட்டு" என்றார். அதனால் நீங்கள் போன் செய்யாதீர்கள், திட்டினால் மறுபடியும் மனம் மாறிவிடுவார். முன்பு தவறாக எழுதியதற்குக் காரணம் என்ன என்று படிவத்தின் கடைசியில் ஒரு கோடு இருந்தது. கொஞ்சம் யோசித்து, "எழுதின பொண்ணு தூக்கக் கலக்கத்துல தப்பாப் போட்டுட்டான்னு எழுது" என்றார். என் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.