பூமிக்குக் காய்ச்சல் இறங்கிய வரலாறு

இரண்டாயிரத்தேழாம் வருஷம் ஆடி மாதம், பூமிக்குக் காய்ச்சல் கண்டிருப்பதாக மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. சாத்தூர்ப் பக்கத்து ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு இது புதுச்செய்தி இல்லை. அங்கன செருப்பில்லாமல் நடந்த எவனும் சொல்லியிருப்பான். வைத்தியம்தான் புதுசு. பொதுமக்கள் கூட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிப் பூமியை நினைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமாம். இதற்கென்றே பூமி நலத் தனி அலுவலர் சீனிவாசகம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

தியானத்துக்குத் தன் ஆலைக் களத்தோரம் இடம் கொடுத்தவர் வெடி ஆலை முதலாளி சங்கரபாண்டியன். லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரமாதலால் அவருக்குப் பூமி மேல் திடீர்ப் பாசம்.

ஆலையில் வேலை பார்த்த மாடத்திக்கு வேறு கவலை. மகளுக்குக் கண்நோவு தீர்ந்ததற்கு, தியானத்துக்கு மறுநாள் வந்த ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியாத்தாளுக்குத் தகட்டில் செய்த கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருந்தாள். களத்தில் காய்கிற வெடி தியானத்தன்றைக்கே பெட்டிக்குள் போய்விட்டால் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லீவு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு கண் திறந்தாலும் உலகத்துக்கே ஒரு டிகிரி ஏறிவிடும் என்று அலுவலர் எச்சரிக்க, அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடத்தி குரல் கொடுத்தாள்.

"ஐயா, மேக்க கறுத்துட்டு வருது. வெடியை அள்ளணும்."

"கண்ணை மூடியிருக்கையில் மேகம் எப்படியம்மா தெரிந்தது?"

"மூக்கு தொறந்துதான இருக்கு. மண்வாசம் அடிக்கி."

"அது பூமி குணமாகிற வாசனை."

வாசனை முதலாளிக்கும் வந்தது. லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் எதிரே இருந்ததால் மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

காற்று மட்டுமே அடிக்கிற ஆடியில் மழை கொட்டியது. களத்தில் வெடி மிதந்தது. தனக்கென்று போட்டிருந்த பந்தலுக்குள் நனையாமல் இருந்த அலுவலர் அறிக்கை எழுதினார்: 'பூமிக்கு நன்றாக வேர்த்துவிட்டது. காய்ச்சல் இறங்குமுகம்.'

லீவு கேட்டுப் போன மாடத்தியிடம் முதலாளி, நனைந்த சரக்குக்குப் பதில் நாளைக்கே புதுச் சரக்கு செய்தாக வேண்டும் என்றார். பிறகு குரலில் சாந்தம் வந்தது.

"பூமியவே உக்காந்த எடத்துல குணமாக்கிட்டோம். இருக்கன்குடி எம்புட்டு தூரம்? கண்ணை மூடு. ஆத்தா உள்ளுக்குள்ள தெரிவா."

வெள்ளிக்கிழமை காலை அலுவலர் பாராட்டுப் பத்திரத்தோடு வந்தார். ஆலையில் சத்தமே இல்லை. மாடத்தி முதல் அத்தனை பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, வேலை என்னாச்சு?" என்றார் முதலாளி.

"நடந்துக்கிட்டுத்தான் இருக்கு மொதலாளி. நீங்களும் கண்ணை மூடுங்க, உள்ளுக்குள்ள தெரியும்."

அலுவலர் பக்தியோடு கண்ணை மூடினார். அவர் மூடியபின் முதலாளி திறந்து வைத்திருக்க முடியுமா? வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. ஏதோ கொலுசுச் சத்தமும் கேட்டது. ஒரு டிகிரி ஏறிவிடுமே என்று இருவரும் பொறுத்துக்கொண்டார்கள். கண் திறந்தபோது ஆலையில் ஒரு ஈ காக்காய் இல்லை. அந்நேரம் பஸ் சாத்தூரைத் தாண்டியிருக்கும், மாடத்தி மடியில் கண்மலரோடு.

அலுவலர் அசரவில்லை. 'தியானத்தின் பலனாக ஆலையில் புகை இல்லை, சத்தம் இல்லை, ஆளும் இல்லை. இம்முறையை எல்லா அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தலாம்' என்று மேலிடத்துக்கு எழுதினார்.

'மேற்படி முறை நமது அலுவலகங்களில் பன்னெடுங்காலமாகவே நடைமுறையில் உள்ளது' என்று பதில் வந்தது.

சந்தேகப்பட்டு, இதை எழுதுகிற நானே ஒருநாள் மனுவோடு அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். வரிசையில் நின்ற நாங்களும் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.