நான் மோர் குடித்துச் செத்தது

ஒரே வேலையைப் பல வருஷம் செய்தவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் கண் மட்டும் கம்பெனியிலேயே இருக்கும். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்புகளின் தையலைப் பார்த்துவிடுவேன். (பாதி செருப்பு தேறாது.)

எங்கள் செக்கிங் டேபிளில் மூன்று கலர் ரிப்பன் உண்டு. பச்சை கட்டினால் பாஸ், பேக்கிங்குக்குப் போகும். மஞ்சள் என்றால் திரும்பத் தைக்கணும். சிவப்பு என்றால் ரிஜெக்ட். இதைத் தவிர உலகத்தில் சிவப்புக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் மகள் நிவேதா வேலூரில் ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கான டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதோடு நின்ற எனக்கு அந்தப் படிப்பின் முழுப் பெயர் இன்றுவரை வாயில் நுழையாது. கேட்பவர்களிடம், "விபத்துல அடிபட்டவங்கள காப்பாத்துற படிப்பு" என்று சொல்லிவிடுவேன். அதில் ஒரு பிராக்டிகல். பெரிய விபத்து நடந்த மாதிரி மைதானத்தில் ஆட்களைப் படுக்க வைப்பார்கள், பிள்ளைகள் ஓடிவந்து வைத்தியம் பார்க்கணும். போன தடவை காய்ச்சலில் நிவேதா அதை விட்டுவிட்டாள். இந்த முறையும் விட்டால், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஆம்புலன்ஸ் டியூட்டிக்குப் போக, இவள் மட்டும் ஒரு வருஷம் வீட்டில் உட்காரணும்.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு ஆளை அடிபட்டவராக நடிக்கக் கூட்டி வரணுமாம். காலேஜ் கேட்டதால் மிச்ச ஆட்களை எங்கள் கம்பெனியே அனுப்பியது.

"நீங்க வாங்கப்பா," என்றாள்.

"எனக்குக் கூட்டம்னாலே நாக்கு ஒட்டிக்கும்மா."

"அதான் வேணும். பேசாம படுத்துக் கிடக்கணும், அவ்ளோதான்."

எனக்குப் பிறவியிலேயே வருகிற வேலை. போனேன்.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். "உங்களுக்கு வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. வெளிய காயம் இல்ல. முனகுங்க, போதும்," என்று சொல்லி என்னைத் தரையில் படுக்க வைத்தார். பக்கத்தில் என் தோஸ்த் டில்லிபாபு. அவனுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் லாரி ஏறின மாதிரி, "ஐயோ! யம்மா! என் பொண்டாட்டிக்குச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

விசில் ஊதியதும் நிவேதா ஓடி வந்தாள். "ஐயா, கண்ணத் தொறங்க. எங்க வலிக்குது?" என்றாள். பெற்ற மகள் நம்மை ஐயா என்று கூப்பிட்டால் அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து அவள் வயிற்றை அழுத்தினாள், எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அதை முனகலாக மாற்றினேன். அவள் நாடி பார்த்தாள், மணிக்கட்டில் ஒரு ரிப்பன் கட்டினாள், டில்லிக்கும் ஒன்று கட்டினாள், அடுத்த ஆளிடம் ஓடிவிட்டாள்.

பார்த்தேன். எனக்குச் சிவப்பு. டில்லிக்குப் பச்சை.

நான் சிரித்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்! கூட்டி வந்த ஆளே ரிஜெக்ட் என்றால் இவளுக்கு எப்படி மார்க் போடுவார்கள்?

"தோஸ்த், மாத்திக்கலாமா?" என்று கிசுகிசுத்தேன்.

டில்லி கத்துவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தான். அவனும் எங்கள் செக்கிங் டேபிள் ஆள்தான். "அடப்பாவி, ரிஜெக்டா? படுக்கறதுல கூடவா?"

"பாப்பா பாஸ் ஆவணும்டா."

"இந்தா எடுத்துக்கோ. என்னை யாரும் கூட்டிட்டு வரல, கம்பெனி அனுப்புச்சு. நான் ரிஜெக்ட் ஆனா எவன் கேக்கப் போறான்?" என்று பச்சையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு என் சிவப்பைக் கட்டிக்கொண்டான். இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்?

கொஞ்ச நேரத்தில் நாலு பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து டில்லியைத் தூக்கினார்கள். (அவன் எடைக்கு நாலு பேர் கம்மி.) மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க், கழுத்தில் பட்டை. ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனான். அப்புறம் மைக்கில், "பச்சை கட்டினவங்க எழுந்து அந்த மரத்தடிக்கு நடந்து வாங்க," என்றார்கள். பாஸ் ஆனவனுக்கே உரிய நடையோடு போனேன். அங்கே ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள்.

பாதி குடிப்பதற்குள் மேடம் எதிரில் நின்றார்.

"நீங்க வயித்துக்குள்ள ரத்தம் கசியறவர்தானே?"

"ஆமாங்க மேடம்."

"இங்க என்ன பண்றீங்க?"

"மோர் குடிக்கறேங்க."

"நடந்தா வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்போ நீங்க செத்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி, "இவரை யார் பார்த்தது?" என்று கூப்பிட்டார்.

நிவேதா வந்தாள். என் கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "மேடம், நான் சிவப்புதான் கட்டினேன்."

"இது என்ன கலர்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. மொத்தக் காலேஜும் என்னையே பார்த்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு செத்தவனாலும் சும்மா இருக்க முடியாது.

"நான்தாங்க மாத்தினேன்!" என்று கத்தினேன். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "எங்க கம்பெனில சிவப்புன்னா ரிஜெக்ட்டுங்க! பாப்பா மேல தப்பே இல்லீங்க!"

மேடம் நம்பவில்லை. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து டில்லியை விசாரித்தார். அவன் மாஸ்க்கைத் தூக்கி, "ஆமா மேடம், தோஸ்த் கேட்டான், குடுத்தேன். எனக்கு இன்னும் எவ்ளோ நேரம் காத்து வெப்பீங்க?" என்றான்.

முதலில் சிரித்தவர் மேடம்தான். அப்புறம் மைதானமே சிரித்தது. உயிர் போகிற நிலைமையில் இருக்கிறவருக்குத்தான் சிவப்பு, அவரைத்தான் முதலில் தூக்கணும் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நிவேதா கட்டியது சரி, ஆனால் அப்படிப்பட்ட ஆளைக் கவனிக்க ஒருத்தரை வைக்காமல் போனதற்கு மார்க் கொஞ்சம் குறையும் என்றார்.

பஸ்ஸில் வேலூரிலிருந்து ஆம்பூர்வரை நிவேதா என்னிடம் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பள்ளிகொண்டா வரைக்கும் தவித்தேன். சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் என் மனைவி, "இன்னாடி ஆச்சு?" என்றாள்.

"அப்பா செத்துட்டாரும்மா. ஆனா நான் பாஸ்."

அந்த ஒரு வரி அரக்கோணம்வரை எங்கள் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் போய்விட்டது. நிவேதா இப்போது ஆம்புலன்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறாள், அவளை யாரும் விசாரிப்பதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாடு முடிகிற நேரத்தில் என் மச்சினன் மோர் டம்ளரோடு வந்துவிடுகிறான். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வான்: "உக்காந்தே குடிங்க மாமா. எழுந்து நடந்துடாதீங்க."