அரியலூர்க் கடலும் டெபுடி இன்ஸ்பெக்டரும்

ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் நமக்கு மட்டும் தெரிந்திருப்பதைப் போன்ற ஆபத்து வேறு கிடையாது. தெரியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து நம்மை முட்டாளாக்கிவிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எனக்கு அதுதான் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் ஆகும். நானோ பாடத்தைவிடத் துணுக்குகளைத்தான் அதிகம் நடத்தினேன். மிளகாய் நம் நாட்டுச் சரக்கே இல்லை, கப்பலேறி வந்தது. ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன சொற்கள். (பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதற்காகத்தானே சொன்னது.)

எல்லாவற்றிலும் பெரிய துணுக்கு, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரே கடலுக்கடியில் கிடந்தது என்பது. ஆதாரமும் வைத்திருந்தேன். ஓடையில் பொறுக்கிய, கல்லாய்ப்போன சுருள் நத்தை ஒன்று என் மேஜை டிராயரில் இருந்தது.

இன்ஸ்பெக்டர், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய யுத்தகால பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரி, முகமெல்லாம் கடுப்பு. பள்ளிக்கூட மேனேஜரான சாமியார் பின்னால் வர, நேரே என் வகுப்புக்குள் நுழைந்தார்.

"நம்ம ஊருக்குக் கிட்டத்துல கடல் எங்க இருக்கு?"

செசிலி எழுந்தாள். என் அக்கா மகள். எட்டு வயது. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள்.

"இங்கதாங்க சார். கோடி வருஷத்துக்கு முந்தி இந்தப் பள்ளிக்கூடம் இருக்கற எடமே கடலுதான். இப்ப கெழக்கால போயிடுச்சு."

இதைவிட முழுமையான பதிலை எந்தப் பிள்ளை சொல்லும்? சர்க்கார் அவளுக்கு மெடல் கொடுத்திருக்க வேண்டும். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"நீர்தான் இதச் சொல்லிக்கொடுத்தீரா?"

என் நிரந்தர உத்தியோகம் கண்முன்னே ஆடியது.

"இல்லைங்க சார்."

"பாடத்துல எங்கயாவது இருக்கா?"

"நான் பாத்ததே இல்லைங்க சார்."

"இது யார் வூட்டுப் பொண்ணு?"

"தெரியாதுங்க சார். புதுசா சேந்திருக்கும்."

(அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் பக்கத்திலேயே நிற்கிறார். மடையா என்று என்னை நானே இப்போது திட்டிக்கொண்டு என்ன பயன்?)

பள்ளிக்கூடத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் போட்ட சட்டம் செசிலிக்கு மறந்துபோயிற்று.

"மாமா, நீங்கதானே கல்லக் காமிச்சு சொன்னீங்க?"

விறுவிறுவென்று வந்து டிராயரை இழுத்தாள். கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார். "எவனோ நத்தையத் தின்னுட்டு ஓட்டப் போட்டிருக்கான்" என்றார். அரைச்சேர் கனமுள்ள கல்லையா ஒருவன் தின்பான்? சாமியார் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அறிக்கையில் இன்ஸ்பெக்டர் இப்படி எழுதிவிட்டுப் போனார்: 'இவ்வாசிரியருக்குப் பூகோளமும் தெரியாது, உண்மை பேசவும் தெரியாது.' என் நிரந்தரம் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. அக்கா எனக்குச் சோறு போட்டாளே தவிர, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பின்னாளில் எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் வந்து, அதே ஓடையில் அதே கற்களைப் பொறுக்கி, இது கடலேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கையில் முதல் பாதி சுத்தப் பொய் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் கேட்பதற்குள் எழுந்து வந்துவிடுவேன்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் தப்ப முடியாது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில், ஆண்டவரைப் பிடித்துப்போன இரவில், அவரைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடர் இராயப்பர் மூன்று தடவை சாதிக்கும் இடத்தை வாசிப்பார்கள். எங்கள் குடும்பம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். போன வருஷம் வெளியே வந்ததும், நான் வழக்கம்போல் அந்தக் கல்லின் கனத்தைப் பற்றி ஆரம்பித்தேன். இப்போது தலைமையாசிரியையாக இருக்கும் செசிலி குறுக்கிட்டாள்.

"இராயப்பராச்சும் அப்பறம் வெளிய போயி அழுதாரு மாமா. நீங்க இன்னும் கல்லப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க."