ஆளுக்கு இரண்டு மாத்திரை

ஒத்துக்கொள்கிறேன், படிக்காமலேயே டாக்டர் ஆனவர்களில் நானும் ஒருவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு இரும்புத் தொழிற்சாலையில் எனக்கு ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. ஆள் லீவு போட்டால் உற்பத்தி படுத்துவிடும், மேனேஜர் என்னை வறுத்தெடுப்பார். அதனால் யார் தும்மினாலும், யாருக்கு உடம்பு சுட்டாலும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மஞ்சள் மாத்திரை அட்டையை எடுப்பேன். தகடு வெட்டும் கத்தரியால் நறுக்கி ஆளுக்கு இரண்டு கொடுப்பேன். (கைராசி என்று பீற்றல் வேறு.)

ஷிப்டு தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பாதுகாப்பு பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். வழக்கமாக ஹெல்மெட், கையுறை என்று போகும். அன்று ஆபீசிலிருந்து 'ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு' என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டரம்மாவும் பக்கத்தில் நின்றார். கையில் மைக் வேறு, கேட்கவா வேண்டும்?

"டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவன் ஊருக்கே எதிரி!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல்.

சோழவரத்து முனுசாமி, கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "சார், அது பாக்கறதுக்கு எப்டி இருக்கும்?"

(தாளில் அது இல்லை.) டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"இதோ, சார் பையிலயே எட்டிப் பார்க்குதே!" என்றார் டாக்டரம்மா.

"அய்ய, இதுவா? சார்தான் எங்க எல்லாருக்கும் குடுப்பாரு. விரல்ல வெட்டு பட்டு ஜுரம் வந்ததுலேர்ந்து மூணு வாரமா இத்தத்தான் அப்பப்போ போட்டுக்கினு கீறேன். இன்னும் சீழ் நிக்கல" என்றார் முனுசாமி, மனதார நன்றியோடு.

சத்தியமாக அதை நான் ஜுர மாத்திரை என்றுதான் நினைத்திருந்தேன். மருந்துக்கடையில் 'நல்லா கேக்கும்' என்று கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை.

டாக்டரம்மா கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. "கண்டதுக்கும் ரெண்டு ரெண்டா போட்டா கிருமி மருந்துக்கே பழகிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சீழைப் பரிசோதித்ததில், வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை என்று தெரிந்தது. ஆள்காட்டி விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். வேறொரு மருந்தை இரண்டு வாரம் ஊசியில் ஏற்றினார்கள். விரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது தும்மி, நான் தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட "சூப்பர்வைசர் மாத்திரையோட வராரு, வாய மூடிக்கோங்க!" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும்.

போன பொங்கலுக்கு முனுசாமி வீட்டுக்கு வந்திருந்தார். யாரோ தும்ம, நான் எழுந்தேன், மனைவி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமியும் சிரித்துக்கொண்டே கையால் வாயைப் பொத்தினார். ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது, நேராக என்னைப் பார்த்து.